எண் மாறிய லைப்ரரி

தஸ்நேவிஸுக்கு ஐம்பத்தாறு வயது. கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் ஒரு மீனவர் சங்கத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதற்காக ஷமீமாவிடம் அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைக் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு இருபத்தெட்டு. அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவளை அவசரமாக வரச் சொன்னார்.

"காத்து ஏறுது டீச்சர். எச்சரிக்கை அனுப்புற புரோகிராம் திறந்த கொஞ்ச நேரத்துல விழுந்து நின்னுபோகுது."

கடலில் நாற்பத்திரண்டு படகுகள் இருந்தன. வாக்கி டாக்கி எட்டாத தூரம். அந்தப் புரோகிராம் சாட்டிலைட் வழியாக அனுப்பும் செய்தி மட்டும்தான் அவர்களைப் போய்ச் சேரும்.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"வரைபட சாஃப்ட்வேரைப் புதுசாக்கினேன். அது ஒரு லைப்ரரியோட மூணாம் பதிப்பைக் கேட்டுச்சு. போட்டேன். ரெண்டாம் பதிப்பு இனி எதுக்குன்னு அழிச்சேன்."

லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும், வேறு யாரோ எழுதி வைத்த கணக்குத் துணுக்குகள்.

"அப்புறம்?"

"எச்சரிக்கைப் புரோகிராம் ரெண்டாம் பதிப்பு எங்கேன்னு கேட்டுச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "மூணுக்கே ரெண்டுன்னு பேர் வச்சுக் காட்டினேன். ஏத்துக்கிச்சு டீச்சர். ஆனா காத்து வேகத்தைக் கணக்குப் போடப் போன இடத்துல விழுது."

ஷமீமா திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் வைத்த பொய்ப் பெயரை நீக்கினாள். இரண்டாம் பதிப்பை இறக்கி, மூன்றாம் பதிப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

புரோகிராம் எழுந்து நின்றது. செய்தி போனது.

சற்று நேரத்தில் ஒரு படகிலிருந்து 'திரும்புகிறோம்' என்று பதில் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக. நாற்பத்திரண்டாவது பதில் வரும்வரை தஸ்நேவிஸ் உட்காரவில்லை.

"ரெண்டும் ஒரே இடத்துல இருக்கலாமா டீச்சர்?"

அவள் அந்த லைப்ரரியோடு வந்த குறிப்புக் கோப்பைத் திறந்தாள். "படிங்க."

கப்பலில் பழகிய ஆங்கிலத்தில் மெதுவாகப் படித்தார். இருபத்தொரு வருடக் குறிப்புகள். எல்லாவற்றின் கீழும் ஒரே பெயர். 'பூஜ்யத்துக்குக் கீழே போன எண்ணைத் தப்பாகப் படித்தது, திருத்திவிட்டேன்.' 'ஒரு தசமம் தவறியது, கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று.'

மூன்றாம் பதிப்புக்கு வந்ததும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 'உள்ளே தகவல்கள் அடுக்கியிருக்கும் வரிசையை மாற்றியிருக்கிறேன். பழையதை நம்பி ஓடும் புரோகிராம்கள் இதில் விழுந்துவிடும். அதனால்தான் எண்ணை மாற்றினேன். தயவுசெய்து பழையதையும் வைத்திருங்கள்.'

தஸ்நேவிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருசமும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்."

"நம்ம புரோகிராம் இது மாதிரி எத்தனை லைப்ரரி மேல நிக்குது?"

அவள் ஒரு கட்டளையைத் தட்டினாள். பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கின, நிற்காமல்.

"நூத்திப் பதினாலு."

அவர் அந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் மேலிருந்து பார்த்தார்.

"அந்தக் குறிப்பு எழுதின ஆளுக்கு நம்மளைத் தெரியுமா?"

"தெரியாது."

"நம்ம படகுகளை?"

"தெரியாது."

"யாருன்னே தெரியாதவங்களுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு கவனமா எழுதணும்?"

"யாருன்னு தெரியாததாலதான், சார்."