முதல் வகுப்பில் தேறியவர்

சட்டமன்ற உறுப்பினர் தங்கப்பழம் என்னதான் படித்தார் என்பது தொகுதியில் யாருக்கும் பிடிபடாத சங்கதி. வேட்புமனுவில் எட்டாம் வகுப்பு, கட்சி மலரில் பி.ஏ., சுவரொட்டியில் எம்.ஏ.

அவர் சிறுவயதில் படித்த பள்ளியில் புதுக் கட்டடம் எழும்பியது. கல்வெட்டில் தன் படிப்பையும் பொறிக்க ஆசைப்பட்டு, அங்கே தற்காலிக எழுத்தராக இருந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, எல்லாத்தையும் சரிபாத்து ஒரே வரி எழுது. பெருமையா இருக்கணும். பொய்யின்னு எவனாவது நிரூபிச்சா உனக்கு வேலை கிடையாது."

ஜெசிந்தா பள்ளியின் பழைய பதிவேட்டைத் தூசி தட்டிப் பார்த்துவிட்டு எழுதினாள்: "இப்பள்ளியில் பயின்று முதல் வகுப்பில் தேறியவர்."

தங்கப்பழத்துக்கு வாயெல்லாம் பல்.

திறப்பு விழாவில் ஒரு நிருபர் எழுந்து, "முதல் வகுப்புக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் ரெக்கார்டுல இருக்கு. மைக்குல வாசிம்மா," என்றார் தங்கப்பழம்.

ஜெசிந்தா பதிவேட்டை விரித்தாள். "தங்கப்பழம். முதல் வகுப்பு, தேர்ச்சி. இரண்டாம் வகுப்பு, தேர்ச்சி இல்லை. அத்தோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டார்."

பந்தலே சிரிப்பில் குலுங்கியது. நிருபர் வேட்புமனுவின் நகலைத் தேட ஆரம்பித்தார்.

"உன்ன இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்குதேன்," என்று பல்லைக் கடித்தார் தங்கப்பழம்.

மைக் இன்னும் ஜெசிந்தாவின் கையில்தான் இருந்தது. "தூக்குங்க அண்ணாச்சி. கல்லுல இருக்கது பொய்யின்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நீங்க முதல் வகுப்பும் தேறலன்னு பதிவேட்டைத் திருத்திருதேன்."