செவ்வாய்க்கிழமைச் சீட்டு

இந்தக் கதையை நான் சொன்ன இடத்திலெல்லாம் முடிவில் ஒரு சண்டை வந்திருக்கிறது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லப்போய், பாயசம் ஆறிப்போகிற வரைக்கும் வாதாடித் தீர்த்தார்கள். நீங்களாவது பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கிழக்குத்துறை என்ற கடலோர ஊரில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை அங்கே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கும் நாள். ஒரு செவ்வாயன்று, வெயிலில் வரிசையில் நின்ற வயசான அம்மாள் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் வளர்மதிக்கு மனசு பதறிப்போயிற்று. அன்றைக்கே உத்தரவு போட்டார்: "எழுபது தாண்டின ஒருத்தர்கூட இனிமே இந்த வரிசையில நிக்கக் கூடாது. ஏட்டுல பேர் இருக்கிற அத்தனை பேருக்கும் மாத்திரை வீடு தேடிப் போகணும்." நல்ல உத்தரவுதான், யார் இல்லை என்றார்கள்?

வீடு வீடாகப் போகும் வேலை மரியபுஷ்பத்துக்குக் கிடைத்தது. தற்காலிக வேலைதான். ஆனால் பத்து வருஷம் அடுப்படியிலேயே கிடந்தவளுக்கு அது பெரிய வேலை. தோள்பையில் மாத்திரை, பிரஷர் பார்க்கும் மிஷின், கையெழுத்துத் தாள். உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும், அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் வாழ்த்தி வாங்கிக்கொண்டார்கள், ஒரே ஒருத்தரைத் தவிர.

அவர் பெயர் சந்தியாகு. வயது எழுபத்தாறு, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புஷ்பம் பத்து மணிக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். மனுஷன் ஒன்பதரைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பார். அங்கே, "உங்க மாத்திரை உங்க வீட்டுக்குப் போயிருக்கு" என்பார்கள். "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு, வாசலில் வாதாம் மரத்தடிப் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் உட்கார இடம் கிடைக்காத பெஞ்சு அது. இப்போது அவர் ஒருத்தர்தான். மாத்திரை அவரைத் தேடி வடக்கே போக, அவர் தெற்கே போக, இப்படியே இரண்டு செவ்வாய் கழிந்தது.

"மூணாவது வாரமும் அவரோட கையெழுத்துக் கட்டம் காலியா இருந்தா, வேற ஆளைத்தான் பார்க்கணும் புஷ்பம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் செவ்வாய் காலை ஏழு மணிக்கே போய் ஆளைப் பிடித்துவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார் பெரியவர்.

"தாத்தா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. என் வேலை போயிரும்."

"வாங்கிக்கிட்டா நான் எதுக்குப் புள்ள அங்க போவேன்? சும்மா போய் உக்காந்தா, என்ன வேலையா வந்தீருன்னு கேப்பாங்கல்ல? டிக்கெட் இல்லாம ஏறுன ஆளுங்கள நானே எத்தனை பேர எறக்கி விட்டிருக்கேன்!" சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வாரத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாளு. மாத்திரை வீட்டுக்கு வந்துச்சு, செவ்வாக்கிழமை போயிருச்சு."

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், புஷ்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதினாள்: 'சந்தியாகு. இன்று காலை பத்து மணி, வாதாம் மரத்தடி. பிரஷர் பார்க்கப்படும்.' அப்படி ஓர் ஏற்பாடே ஆஸ்பத்திரியில் கிடையாது. அவளுக்கு அந்த அதிகாரமும் கிடையாது. பெரியவர் சீட்டை இரண்டு தடவை படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாத்திரையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்கு அவள் மூச்சிரைக்க மரத்தடிக்கு ஓடிப்போய், சொன்னபடி பிரஷர் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய் அவர் மட்டும் இருப்பார் என்று நினைத்து மறுபடி மரத்தடிக்குப் போனவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அடேயப்பா, பத்தொன்பது பேர்! பெஞ்சிலும் படியிலுமாக உட்கார்ந்து ஒரே பேச்சும் சிரிப்பும். ஆளுக்கொரு சீட்டு, சீட்டுக்கொரு நேரம்: பத்து, பத்து பத்து, பத்து இருபது என்று. ஒருத்தரும் வரிசையில் நிற்கவில்லை. நடுவில் நின்று, "கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் சந்தியாகு. ஏட்டில் பேர் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்ட வயசாளிக்கெல்லாம் சீட்டு எழுதி நீட்டியிருந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "வரிசையே வேண்டாம்னு நான் சொன்னா, நீங்க திருவிழாவே கூட்டிட்டீங்களே! யார் கொடுத்த சீட்டு இது?"

"முதல் சீட்டு நான் எழுதினதுதான் மேடம்" என்றாள் புஷ்பம். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டாள்.

"மிச்சம் பதினெட்டும் நான். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் சந்தியாகு.

டாக்டர் ஏட்டை வரவழைத்துப் புரட்டினார். பத்தொன்பது பேரில் பதினைந்து பேர்தான் அதில் இருந்தார்கள். மீதி நாலு பேர் இத்தனை வருஷத்தில் ஆஸ்பத்திரிப் படியே மிதிக்காதவர்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாத்திரையை வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், இல்லாத ஏற்பாட்டுக்குச் சீட்டு எழுதிய புஷ்பம், யாரையும் கேட்காமல் ஊருக்கே சீட்டு கொடுத்த சந்தியாகு, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: நான் சந்தியாகு கட்சி. டாக்டரின் உத்தரவில் குற்றமில்லை, ஆனால் அது ஏட்டில் இருந்தவர்களின் வாசலோடு நின்றுவிட்டது. புஷ்பம் எழுதியது பொய்தான். ஓடிப்போய் அதை உண்மையாக்கிவிட்டாள், ஆனாலும் அது ஒரே ஒருத்தருக்கு. ஏட்டில் இல்லாதவர்களைக் கூட்டிவந்தவர் கிழவர்தான், அதுவும் ஒருத்தரையும் வரிசையில் நிற்கவைக்காமல். அந்த நாலு பேரில் ஒருத்தி செபமாலை. அவளுக்கு அன்று பிரஷர் இருநூற்றுப் பத்து! டாக்டர் அவளைத் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, "மாத்திரை வீட்டுக்கே போகட்டும் புஷ்பம், செவ்வாய்க்கிழமை இங்கேயே இருக்கட்டும். ரெண்டையும் நீயே பார்த்துக்கோ" என்றார். இரண்டு வாரம் கழித்து நல்லபடியாகத் திரும்பி வந்த செபமாலை, தனக்குப் பெஞ்சில் இடம் போட்டு வைக்கவில்லை என்று சந்தியாகுவோடு ஒரு மூச்சு சண்டை பிடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த புஷ்பத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.