சாலைக்கு அடியில் ஒரு படி

தாழைமங்கலம் நகராட்சியின் தலைவர் அங்கயற்கண்ணி, நகர்மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை தேரடித் தெரு மடத்துக்கு வந்தார். அங்கே அவருடைய குரு கொழுந்து தேசிகர் இருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சிறுவயதில் அந்தத் தெருவில் சேர்ந்து விளையாடியவர்கள். தேசிகர் மடத்துப் பொறுப்புக்கு வந்த பிறகு அங்கயற்கண்ணி அவரைச் சாமி என்று அழைத்தார். அவர் பழையபடி அங்கை என்றே கூப்பிட்டார்.

மடத்து வாசல் மிகவும் தாழ்ந்தது. தெருவிலிருந்து ஓரடி இறங்கி, தலையை நன்றாகக் குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

அன்றும் குனிந்து நுழைந்த அங்கயற்கண்ணி, பாயில் உட்கார்ந்ததும் ஒரு செய்தி சொன்னார். போன வாரம் ஒரு பள்ளி விழாவில் இந்த வாசலைப் பற்றிப் பேசினாராம். எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரும் பணிந்து வரவேண்டும் என்றுதான் குரு இப்படி ஒரு வாசல் வைத்திருக்கிறார் என்றாராம். பலத்த கைதட்டலாம்.

தேசிகர் சிரித்துவிட்டார்.

"உன் முழங்கால்ல ஒரு தழும்பு இருக்குமே. அது எப்படி வந்தது?"

"இங்கேதான் சாமி. மேல்படியிலிருந்து தெருவுக்குக் குதிச்சேன்."

"இறங்கி வர்ற வீட்டுக்கு ஏது மேல்படி?"

அங்கயற்கண்ணி வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த வாசலில் மூன்று கற்படிகள் இருந்தன. அவற்றில் ஏறித்தான் மடத்துக்குள் போவார்கள். கீழ்ப்படி மிக அகலம். அதில் யாரோ உளியால் ஆடுபுலிக் கட்டம் செதுக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் இடம் பிடிக்க ஓடி வருவார்கள். புளியங்கொட்டைதான் ஆடு. கூழாங்கல் புலி. மதிய வெயிலில் சுட்ட கல், விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்தப் படிகள் எங்கே போயின என்று கேட்டார்.

"எங்கேயும் போகலை. இருந்த இடத்துலதான் இருக்கு. மேலே சாலை இருக்கு" என்றார் தேசிகர்.

பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே புதிய சாலை. சில வருடம் கழித்து அதன் மேலே இன்னொன்று. கடைசி இரண்டு முறை சாலை போட்டபோது தலைவராக இருந்தவர் அங்கயற்கண்ணிதான். கூட்டத்தில் எழுத்தர் வேலையின் எண்ணை வாசிப்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். வேலை ஒப்பந்ததாரருக்குப் போய்விடும். சாலை எதன் மேல் போடப்படுகிறது என்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

நாளைய கூட்டத்திலும் அப்படி ஒரு வேலை இருந்தது. தேரடித் தெருவுக்கும் வேறு இரண்டு தெருக்களுக்கும் புதிய சாலை. சுரண்டிவிட்டுப் போட்டால் இருக்கிற நிதி ஒரு தெருவுக்குத்தான் வரும். மற்ற இரண்டு தெருக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

அங்கயற்கண்ணி சற்று யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஒப்பந்ததாரர் நாகப்பன் தெரிந்தவர்தான், மடத்து வாசலுக்கு முன்னால் மட்டும் சுரண்டித் தரச் சொன்னால் மறுக்கமாட்டார், படிகள் மூன்றும் வெளியே வந்துவிடும் என்றார்.

தேசிகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆடுபுலிக் கட்டம் அழியாம இருக்குமா?"

"கல்லுதானே சாமி. அப்படியே இருக்கும்."

அந்தக் கட்டத்தில் ஒரு மூலை முன்பே உடைந்திருந்தது என்றும், அங்கே போய்ச் சிக்கிய புலி தப்பியதே இல்லை என்றும் தேசிகர் சொன்னார். அவர் ஒரு பொருளுக்கு இப்படி ஆசைப்பட்டு அங்கயற்கண்ணி பார்த்ததில்லை.

பிறகு தேசிகர் எழுந்து, மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குடத்துத் தண்ணீர் முழுவதையும் சாலையில் ஊற்றினார்.

தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி மடத்துக்குள் இறங்கியது. மறு பாதி பக்கத்து வீட்டுக்குள் போனது. அது தையற்காரர் சவரிமுத்துவின் வீடு.

உள்ளேயிருந்து சவரிமுத்துவின் மனைவி பிலோமினா, மடித்த கோணிச் சாக்கோடு ஓடி வந்தாள்.

"மழையா சாமி? சத்தமே கேக்கலையே."

கேட்டுக்கொண்டே சாக்கை வாசலில் அணை போல வைத்துவிட்டாள். உள்ளே சவரிமுத்து, தைத்த துணிகளை எல்லாம் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தேசிகருக்குப் பின்னால் வந்து நின்ற தலைவரைப் பார்த்ததும் அவருக்குக் கிண்டல் வந்துவிட்டது.

"வாங்க தலைவரம்மா. இன்னும் ஒரே ஒரு சாலை போட்டுக் குடுங்க. அப்புறம் ஜன்னல் வழியாவே வந்து போய்க்கறோம். கதவை வித்துடலாம்."

பிலோமினா அவரை அதட்டிவிட்டு, காப்பி போடட்டுமா என்று கேட்டாள். அங்கயற்கண்ணி வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் என்ன செய்யட்டும், சாமி?"

"முதல்ல இதைத் துடைக்கணும்" என்று தேசிகர் அவரிடம் ஒரு துணியைக் கொடுத்தார். இருவரும் குந்தி உட்கார்ந்து, மடத்துத் தரையையும் சவரிமுத்துவின் தரையையும் துடைத்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் எழுத்தர் எண்ணை வாசித்தார். உறுப்பினர்கள் வழக்கம்போல மேசையைத் தட்டினார்கள். அங்கயற்கண்ணி கையை உயர்த்தி நிறுத்தினார். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும், இந்த ஆண்டு தேரடித் தெரு முழுவதும், மற்ற இரண்டு தெருக்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் என்றார்.

மன்றம் ஒரே கூச்சலானது. கீழவீதி உறுப்பினர் செண்பகராஜ் எழுந்து நின்றார்.

"உங்க சாமி வாசலுக்காக எங்க தெரு ரெண்டு வருஷம் குழியில கெடக்கணுமா?"

கீழவீதியின் குழிகளும் உண்மைதான். அங்கயற்கண்ணி தேரடித் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் போவதை எடுத்துச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. அவர் தோற்றார். மூன்று தெருக்களுக்கும் பழைய சாலையின் மேலேயே புதிய சாலை என்று முடிவானது.

கூட்டம் கலைந்தபோது நாகப்பன் அருகில் வந்தார். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் மடத்து வாசலை மட்டும் சுரண்டித் தந்துவிடுகிறேன், கணக்கில்கூட வராது என்றார். அங்கயற்கண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை தேசிகரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். நாகப்பனிடம் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் இதையே கொண்டுவரப் போவதாகவும், அப்போதும் தோற்கக்கூடும் என்றும் சொன்னார்.

"திங்கட்கிழமை வேலை தொடங்குது சாமி. சாலை இன்னும் ஒரு சாண் ஏறிடும். உங்களைக் கேக்காமலே நாகப்பன்கிட்ட வேண்டாம்னுட்டேன். அந்தப் படி உங்களுக்கு வேண்டாமா?"

"வேணும்" என்றார் தேசிகர்.

பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"ஆனா அங்கை, அதுல நான் தனியா உட்கார்ந்ததா ஞாபகமே இல்லையே."