மரகதம் நின்ற இடம்

"எனக்கு இது ஒத்துவராதுங்க டீச்சர்" என்றார் செங்கோடன்.

"எது?"

"இந்தப் பறவை பார்க்கறது."

ஜெயசீலி டீச்சர் காலுறையை இறக்கி, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையை விரலால் சுண்டி எறிந்தார். மழைக்காட்டுக்குள் போய்விட்டு வந்தால் முதல் வேலை அதுதான்.

வால்பாறைக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது அந்தக் காப்புக்காடு. பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வந்தாலும் டீச்சர் உள்ளே கூட்டிப்போவார். வழியில் அதிகம் பேசமாட்டார். அவரிடம் வருகிறவர்கள் முதலில் பழகிக்கொள்வது அந்த மௌனத்தைத்தான்.

செங்கோடன் பொள்ளாச்சியில் மாட்டு டாக்டர். டீச்சரைவிட இரண்டொரு வயது மூத்தவர். மழை ஓய்ந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் மலையேறி வந்துகொண்டிருந்தார்.

"இருவாச்சி பார்த்தேன். பச்சைப்புறா பார்த்தேன். பார்க்கிற நேரம் நல்லாத்தான் இருக்குது. மலையிறங்கி ஆழியாறு போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணுமே மிச்சமில்லீங்க. பார்த்தேனா, இல்ல சும்மா போயிட்டு வந்தேனான்னே சந்தேகமா இருக்குது."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"எதைங்க?"

"பார்த்ததை."

"யார்கிட்டச் சொல்றது?"

"வீட்டுல யாரும் இல்லையா?"

செங்கோடன் டீ கிளாசைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் மரகதம் இருந்தாள். அவர் மனைவி. அவர்களுக்கு ஒரே மகள், நிறைமதி. பத்தாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சு, 'இன்னொரு தோசை வைக்கட்டுமா', 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்ற அளவில் நின்றுவிட்டது. சண்டை கிடையாது. சண்டை வந்தாலாவது தேவலை என்று அவருக்குச் சில நாள் தோன்றும்.

"சம்சாரம் இருக்குதுங்க" என்றார். "ஆனா அவளுக்கு இப்ப எதுவுமே கண்ணுல படறதில்லை. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். வெளியே வா, நாலு மனுசரைப் பாரு, செம்பருத்தி பூத்திருக்குது பாருன்னு. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா. நான் மட்டும் எத்தனை நாளைக்குத் தனியாப் பார்த்துட்டே இருக்கறது?"

டீச்சர் காலுறையை உதறி மடித்தார்.

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டா."

"கேட்டீங்களா?"

அந்த வாரம் முழுக்கக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்குப் போற இடத்துல குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்க."

எங்கே என்று மரகதம் கேட்கவில்லை. விடிந்து அவர் வெளியே வந்தபோது காரில் உட்கார்ந்திருந்தாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டினார். அவள் இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அவர் அவள் கையில் தண்ணீர் ஊற்றினார். கீழே அணை தகடு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. பாரு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

காட்டின் வாசலில் டீச்சர் காத்திருந்தார். மரகதத்தைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். பிறகு செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், அந்த பைனாகுலரைக் கழற்றுங்க."

கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதை மரகதத்தின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"அப்ப எனக்குங்க?"

"வாய் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு டீச்சர் நடக்க ஆரம்பித்தார்.

உள்ளே போகப்போக வெளிச்சம் குறைந்தது. இலையிலிருந்து இலைக்கு நீர் சொட்டும் சத்தம். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு நிறுத்தியது. மரகதம் தரையைப் பார்த்தே நடந்தாள்.

ஓடைக்குப் பக்கத்தில் செங்கோடன் சட்டென்று நின்றார்.

தீக்காக்கை.

இத்தனை வாரமாகக் கண்ணில் படாதது. கறுத்த தலை, கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே வயிறெல்லாம் அப்படி ஒரு சிவப்பு. கிளையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மரகதம், அங்க பாரு."

"எங்க?"

"அந்த மரத்துல."

"எல்லாம் மரமாத்தான் இருக்குது."

"பாசி படிஞ்ச மரம். நேரா மேல போ. கிளை பிரியுதா? அதுல இடது பக்கம்."

அவள் பைனாகுலரைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"தெரியலைங்க."

"கண்ணு முன்னால உட்கார்ந்திருக்குது மரகதம்! செக்கச்செவேல்னு!"

"எனக்குத் தெரியலை."

"பார்த்தாத்தானே தெரியும்!"

குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது. பறவை பறக்கவில்லை. மரகதம்தான் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுத்துவிட்டு, வாரைக் கழுத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தாள்.

"நீங்களே பாருங்க. நான் கார்ல உட்கார்ந்திருக்கேன்."

செங்கோடன் பதறித் திரும்பினார். டீச்சரைத் தேடினார். அவர் கொஞ்சம் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்து அட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் காட்டுங்க இவளுக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கேல்ல உட்கார்ந்திருக்கேன்."

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. மரகதத்தின் பின்னால் போய் நின்றார்.

"ஒரு நிமிசம் இரு. ஒரே ஒரு நிமிசம்."

அவள் நின்றாள்.

அவ்வளவு பக்கத்தில் நின்று அவளைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. பின்னங்கழுத்தில் முடி முழுக்க நரைத்திருந்தது. போட்டிருந்த ஸ்வெட்டர் தோளில் இறுக்கிக்கொண்டிருந்தது. அதன் கை மணிக்கட்டு வரைக்கும் எட்டவில்லை.

அது அவளுடைய ஸ்வெட்டர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனபோது நிறைமதி வாங்கியது. பொள்ளாச்சி வெயிலில் இதை எப்போ போடுவே என்று அவர்தான் கேலி செய்தார். விடியற்காலையிலிருந்து அதே ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்.

அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்ப்பதற்காக, முழங்காலை மடித்துக் குனிந்தார். முகவாய் அவள் தோளுக்கு வந்தது.

பாசி படிந்த மரம் தெரிந்தது. கிளை பிரிகிற இடம் தெரிந்தது. இடது பக்கம் ஒரு பெரிய இலை தொங்கிக்கொண்டிருந்தது.

பறவை இல்லை.

பறந்துவிட்டதோ என்று நிமிர்ந்தார். இருந்தது. குனிந்தார். இலைதான் இருந்தது.

அவர் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். முழங்கால் வலித்தது.

"மரகதம்."

"ம்."

"இங்கேயிருந்து தெரியாது."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"ஆமா. சொன்னே."

இரண்டடி தள்ளி ஒரு வேர் புடைத்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து அதன் மேல் ஏற்றிவிட்டால் போதும், பார்த்துவிடுவாள். அவர் கை அவள் முழங்கை வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நின்றது.

"உனக்கு என்ன தெரியுது?"

மரகதம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று பார்க்கிற மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக பைனாகுலரைத் தூக்கினாள்.

"ஒரு இலைதான் தெரியுது."

"சரி."

"பூச்சி அரிச்ச இலை. ரெண்டு ஓட்டை இருக்குது, கண்ணு மாதிரி. அந்தப் பக்கத்து வெளிச்சம் அது வழியா வருது."

"ம்."

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதி இப்படித்தான்" என்றாள். "தேக்கு இலையில ரெண்டு ஓட்டை போட்டு, முகத்துல வச்சுட்டு, சமையக்கட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நிப்பா. நான் பயந்துக்கணும். பயப்படலைன்னா அழுகை வந்துரும். நீங்க டூட்டிக்குப் போயிருப்பீங்க."

மகள் போனபிறகு அவள் பெயரை மரகதம் சொல்லி இப்போதுதான் கேட்கிறார்.

ஓரக்கண்ணில் ஒரு சிவப்பு எழும்பியது. ஓடையைத் தாண்டித் தாழப் பறந்து மரங்களுக்குள் போனது. செங்கோடன் தலையைத் திருப்பவில்லை.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மரகதம்.

"தெரியாது" என்றார். "சொல்லு."