கள்ளிப்பழச் சிவப்பு

காட்டோரத்தில் ஓர் ஆட்டுக்கிடை இருந்தது. அதைக் காக்கும் நாய்களுக்குத் தலைவன் கருமுகன். அவன் ஒரு உறுமல் உறுமினால் நரிகள் அரண்டு ஓடும்.

கொஞ்ச நாளாக அவனுக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டிகள் உருண்டு நின்றன. குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் தன் ஈறுகளைப் பார்த்துத் திடுக்கிட்டான். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"பயப்படாதே, நாங்கதான்" என்றது வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். "உன் குடலைக் கவ்விக்கிட்டிருக்கிற புழுக்கள்."

"என் ரத்தத்தையா குடிக்கிறீங்க?"

"ஏதோ ஒரு வாய். யாருகிட்டயும் மூச்சு விடாதே. சீக்கு நாய்னு தெரிஞ்சா உன் எசமான் காட்டுல விட்டுட்டுப் போயிடுவார். அங்கே சிறுத்தை இருக்கு."

கருமுகன் காட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான்.

காவலுக்குப் போகுமுன் கிடை நாய்கள் ஒன்றுக்கொன்று பல்லைக் காட்டிக்கொள்வது வழக்கம். வெளுத்த ஈறு தெரிந்துவிடுமே! கருமுகன் என்ன செய்தான் தெரியுமா? சப்பாத்திக்கள்ளிப் பழத்தை மென்று வாயைச் சிவப்பாக்கிக்கொண்டான்.

"கழுத்துல என்னண்ணே வீக்கம்?" என்று கேட்டாள் சடைச்சி என்ற பெட்டை நாய்.

"சதை போட்டிருக்கு, தங்கச்சி."

சதையா அது? உள்ளே எதிரி புகுந்துவிட்டான் என்று அந்தக் கட்டிகளில் உடம்பின் காவல்காரர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். காவல் நாய்க்கு அது கேட்கவில்லை.

ஒரு நாள் அந்தியில் சிறுத்தையே கிடைக்கு வந்தது. கருமுகன் எழுந்தான். கால்கள் மடங்கின. உறுமப் பார்த்தான், வெறும் காற்றுதான் வந்தது.

"எழுந்திருடா! நீ செத்தா நாங்க எங்கே போவோம்?" என்று புழுக்கள் அலறின.

தினமும் அவன் விலாவில் சாய்ந்து தூங்கும் ஆட்டுக்குட்டியைச் சிறுத்தை அவன் கண்ணெதிரிலேயே கவ்விக்கொண்டு போனது.

ஓடி வந்த சடைச்சி அவன் வாயை நக்கினாள். சிவப்பு அவள் நாக்கோடு வந்துவிட்டது. அடியில் பிணத்தின் வெளுப்பு. அவள் போட்ட ஊளையில் எசமான் ஓடி வந்தார், பார்த்தார், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். காட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பூச்சி மருந்தில் புழுக்கள் செத்து விழுந்தன. கட்டிகள் வற்றின, ஈறு மெல்லச் சிவந்தது. ஆனால் தூங்கும்போது அவன் விலாப்பக்கம் குளிர்ந்தே கிடந்தது.

பயந்துகொண்டு நோயை மறைக்கிறவன் அந்த நோய்க்குத்தான் காவல் நிற்கிறான்.