அருளப்பனின் வாசல் பலகை

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற அருளப்பன், அறுபதாவது வயதில் மனநல ஆலோசனை பழக மங்கையர்க்கரசியிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்த அம்மாவுக்கு வயது நாற்பது. மருத்துவ உளவியல் படித்து அரசுப் பதிவும் பெற்றவர். அருளப்பன் படித்தது ஒரு வருட ஆலோசகர் படிப்பு. ஆனால் காது கொடுத்துக் கேட்பதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் நாலைந்து பேரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். வாசலுக்குப் பலகை எழுத ஆளும் சொல்லியாகிவிட்டது. எழுத வேண்டியதைத் தாளில் கொண்டுவந்து காட்டினார்.

"டாக்டர் அருளப்பன், மருத்துவ உளவியலாளர்."

"இதெல்லாம் உங்ககிட்ட இருக்கா சார்?" என்றார் மங்கையர்க்கரசி.

"இல்லைதான் மேடம். ஆனா ஆலோசகர்னு சொன்னா, ஜாதகப் பொருத்தம் பார்ப்பீங்களான்னு கேக்கிறாங்க. டாக்டர்னா மனசு விட்டுப் பேசறாங்க. இப்பவே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க, நானும் விட்டுட்டேன். மருந்தா எழுதறேன்? உட்கார்ந்து கேக்கத்தானே செய்றேன். எந்தப் பேரைப் போட்டா என்ன?"

"ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்" என்றார் அவர்.

அன்று முதலில் வந்தவள் சண்முகத்தாய். அவளுடைய மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கும். பெரியாஸ்பத்திரி மாத்திரையில் ஒரு வருஷமாக நன்றாக இருந்தான். அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு மங்கையர்க்கரசி ஓரமாக உட்கார்ந்தார்.

"பையன் எப்படிம்மா இருக்கான்?"

"ரெண்டு நாளா உறங்கல டாக்டரய்யா. செவரைப் பாத்துப் பேசுதான். மறுபடி யாரோ கூப்பிடுதாகளாம்."

அருளப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "மாத்திரை ஒழுங்கா போடுறானா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் குடுக்கேன். பாதி."

"நான் சொன்னேனா?"

"பிள்ளை தூங்கித் தூங்கி விழுதான், மாத்திரையப் பாதியாக் குறைச்சாத் தேவலன்னு போன வாரம் சொன்னேன்லா. நீங்க 'ம்'னு தலையாட்டுனீகளே."

ஆட்டியது உண்மை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்காக ஆட்டியது. முதல் மாதமே மங்கையர்க்கரசி சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"அம்மா, நான் டாக்டர் இல்லை" என்றார் அருளப்பன்.

சண்முகத்தாய்க்கு விளங்கவில்லை. "பெறகு யாருய்யா நீங்க?"

அதற்குள் மங்கையர்க்கரசி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தார். ஆட்டோ வந்தது. தாயையும், வழியில் அவள் வீட்டிலிருந்து மகனையும் ஏற்றிக்கொண்டு அருளப்பனே போனார். மருந்து எழுதிய டாக்டர் பையனை வார்டில் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மங்கையர்க்கரசி அதே நாற்காலியில் இருந்தார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்" என்றார் அருளப்பன். கண் கலங்கியிருந்தது. "தலையைத்தானே ஆட்டினேன்."

"நீங்க தலையைத்தான் ஆட்டினீங்க சார்" என்றார் மங்கையர்க்கரசி. "மாத்திரையைக் குறைச்சது அந்தப் பேரு."