இளவரசிக்கு ஒரு புள்ளிச் சில்லு

கூவல்நாட்டு மன்னர் மாறவேளுக்கு ஒரே மகள், நன்முல்லை. திடீரென்று அவளுக்கு முகம் வீங்கத் தொடங்கியது. ஒவ்வொரு உணவாக நிறுத்திப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது வெறும் கஞ்சியும், தலைமை வைத்தியர் அரங்கதேவர் கையால் ஊட்டும் லேகியமும்தான். அப்படியும் வீக்கம் வடியவில்லை. மூச்சும் திணற ஆரம்பித்ததும் மன்னர் ஆடிப்போனார்.

"எந்த உணவின் புரதம் இளவரசிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம் அரசே," என்றார் வைத்தியர். "ஒரு கண்ணாடிச் சில்லில் உணவுக்கு ஒன்றாகப் புரதத்தைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். மேலே இளவரசியின் ரத்தம் ஒரு சொட்டு விட்டால், ஆகாத புள்ளி சிவக்கும்."

"எப்போது தயாராகும்?"

"ஒவ்வொரு புரதத்தையும் தனிப் பானையில் ஆக்கி, வடித்து, சுத்தம் பண்ணி, தங்க ஊசியால் தொட்டு வைக்க வேண்டும். கஜானாவைத் திறந்துவிட்டால் அடுத்த ஆடிக்குள் முடித்துவிடலாம்."

"அதற்குள் முதலில் வைத்த புள்ளி கெட்டுப்போகாதா?" என்று கேட்டார் விகடர் கூத்தபிரான். அவையில் மற்றவர்கள் விழுங்கிவிடும் கேள்வியைக் கேட்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

"கெட்டால் மறுபடி முதலிலிருந்து," என்றார் வைத்தியர், கொஞ்சமும் கூசாமல்.

மன்னர் விகடர் பக்கம் திரும்பினார். "கூத்தபிரான், என் மகள் ஆடிவரை தாங்கமாட்டாள்."

"நாளைக்கே தருகிறேன் அரசே. இட்லியை ஒவ்வொன்றாகவா வேகவைக்கிறோம்?"

வைத்தியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். எந்தப் புரதத்துக்கும் அதை ஆக்கும் சூத்திரம் ஒன்று, அந்தந்த உயிருக்குள்ளேயே மரபணுவாக இருக்கிறது. லேசில் கெடாது, விலையும் கொஞ்சம்தான். கூத்தபிரான் சில்லில் புரதத்தை வைக்கவில்லை; சூத்திரத்தை மட்டும் புள்ளியாக வைத்தார். சூத்திரத்தைப் படித்துப் புரதம் ஆக்கும் கரைசல் ஒன்றை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஊற்றி, இளஞ்சூட்டில் மூடி வைத்தார். அந்தந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே தன் புரதத்தைத் தானே ஆக்கிக்கொண்டது.

மறுநாள் அவையில் ரத்தச் சொட்டு விழுந்தது. ஒரே ஒரு புள்ளி சிவந்தது. எள்.

"எள்ளா? அவள் எள்ளைத் தொட்டே மாதக்கணக்கில் ஆயிற்றே," என்றார் மன்னர்.

கூத்தபிரான் மெதுவாகத் திரும்பினார். "வைத்தியரே, லேகியத்தை எதில் கிண்டுகிறீர்கள்?"

"நல்லெண்ணெயில்." வைத்தியரின் குரல் உள்ளே போய்விட்டது.

மன்னர் சில்லையே உற்றுப் பார்த்தார். "இத்தனூண்டு புள்ளியா என் மகளை இந்தப் பாடு படுத்தியது?"

"பாவம், இது காட்டிக்கொடுத்ததோடு சரி அரசே. பாடு படுத்தியது பெரும்புள்ளி."

வெகுநாளைக்குப் பிறகு மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். லேகியம் நின்றது, வீக்கம் வடிந்தது. கூத்தபிரானுக்குப் பொற்கிழி கிடைத்தது. வைத்தியரையும் மன்னர் வெறுங்கையோடு அனுப்பவில்லை; மிச்ச லேகியம் முழுவதையும் அவருக்கே கொடுத்து, உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்.